‘மாட்டேன்’ என்று நாயும் சொல்லலாம்

“நாய வச்சுப் பயிற்சி குடுக்குறாங்களாம்ல டீச்சர், நம்ம புள்ளைக்கும் ஆகுமா?” என்று சிறப்பாசிரியர்களிடம் கேட்கும் அம்மாக்கள் கூடிவருகிறார்கள். கைபேசிக் காணொளிகள் செய்த வேலை இது. எங்கோ வெளிநாட்டில், பேசாத சிறுவன் ஒருவன் லாப்ரடார் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய் திறக்கிறான். இன்னொரு காணொளியில், நிற்க முடியாத சிறுமி குதிரை முதுகில் நிமிர்ந்து உட்கார்கிறாள். பிசியோவுக்கு ஒரு நாள், ஸ்பீச்சுக்கு ஒரு நாள், ஆக்குபேஷனல் தெரபிக்கு ஒரு நாள் என்று வளர்ந்த பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு நத்தத்திலிருந்தும் குஜிலியம்பாறையிலிருந்தும் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறும் தாய், இதைப் பார்த்த பிறகு கேட்காமல் இருந்தால்தான் வியப்பு.

ஆகும் என்பதே என் பதில். ஆனால், எல்லாக் குழந்தைகளுக்கும் ஆகாது. நிபந்தனை இல்லாமலும் ஆகாது. நிபந்தனைகளில் முதலாவது, அந்த அறைக்குள் வரும் நாய்க்கும் அந்த மைதானத்தில் நிற்கும் குதிரைக்கும் ‘மாட்டேன்’ என்று விலகிப்போக வழி இருக்க வேண்டும் என்பது. வாயில்லா ஜீவன் மீதான இரக்கம் இதற்கு ஒரு காரணம். சிகிச்சை என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த விலகலைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நாயையும் குதிரையையும் சேர்த்துக்கொள்ளும் இந்த முறைக்கு அடிப்படை விளையாட்டுச் சிகிச்சை; அது புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் வர்ஜினியா ஆக்ஸ்லைன் 1947இல் இதைப் பற்றி நூலே எழுதிவிட்டார். பெரியவர்கள் தம் வலியைப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் அதற்கான சொற்கள் இல்லை. அது செப்புச் சாமானில் சோறாக்கி, அந்தச் சோற்றைத் தட்டிவிடுகிறது. பொம்மையை மணலில் புதைக்கிறது. சிகிச்சையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, திருத்தாமல், அவசரப்படுத்தாமல், அந்த விளையாட்டு போகும் வழியிலேயே போகிறார். பயந்த குழந்தை, அடிபட்ட குழந்தை, அப்பாவை இழந்த குழந்தை, சேட்டை என்று பள்ளி முத்திரை குத்திய குழந்தை எல்லாருக்கும் இதில் இடம் உண்டு.

இந்த அறைக்குள் நாய் வந்தது ஒரு தற்செயல். போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர் நியூயார்க்கில் சிகிச்சை அளித்துவந்தார். யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்துவந்துவிட்டார்கள். லெவின்சனின் வளர்ப்பு நாய் ஜிங்கிள்ஸ் அப்போது அறையில் இருந்தது. அது ஓடிப்போய்ச் சிறுவனை நக்க, அவன் விலகாமல் அதைத் தடவிக்கொடுத்தான். அடுத்தடுத்த வாரங்களில் நாயோடு விளையாடவே வந்தவன், மெல்ல மெல்ல லெவின்சனையும் அந்த விளையாட்டில் சேர்த்துக்கொண்டான். லெவின்சன் 1961இல் இதைச் சக உளவியலாளர்கள் முன் சொன்னபோது கேலி செய்தவர்களும் இருந்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. மறு ஆண்டு நாயைத் துணைச் சிகிச்சையாளர் என்றே அழைத்துக் கட்டுரை எழுதினார். 1969இல் அதை நூலாகவும் விரித்தார்.

இன்று இத்துறையை நெறிப்படுத்தியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் ரீசா வான்ஃப்ளீட்டும் பிரிட்டனின் ட்ரேசி ஃபா தாம்சனும். முன்னவர் நாய்களோடும் பின்னவர் குதிரைகளோடும் வேலை செய்து பெயர் பெற்றவர்கள். இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 2017இல் வந்தது. விலங்கைக் கருவியாகக் கையாளக் கூடாது, அதற்கும் இந்த விளையாட்டு பிடித்திருக்க வேண்டும், பிடிக்காவிட்டால் நிறுத்த வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக நிற்கிறார்கள். என் வாதமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓர் அமர்வில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஓர் இடத்தில் நில்லாத, கையில் கிடைத்ததை எறிகிற எட்டு வயதுப் பையன். அவனிடம், “இதுக்கு ‘உக்காரு’ சொல்லிக் குடுக்குறியா?” என்று கேட்கிறார் சிகிச்சையாளர். கத்திச் சொன்னால் நாய் எழுந்து போய்விடுகிறது. கையை வீசினால் குழம்புகிறது. பையன் குரலைத் தாழ்த்தி, கையை நிலையாக வைத்து, காத்திருந்தால் உட்காருகிறது. இதே பாடத்தை அம்மாவும் ஆசிரியரும் ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள்: கத்தாதே, பொறு. சொன்னவர்கள் மீது அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது. நாய் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. எழுந்து போனது, அவ்வளவுதான். அதைத் திரும்ப வரவழைக்கும் வழியை அவனே கண்டுபிடிக்கிறான்.

அந்த நாயைக் கயிற்றில் கட்டி, கையாள்பவர் அதன் முதுகை அழுத்தி உட்கார வைத்தால் இவ்வளவும் பாழ். பலமுள்ளவன் அழுத்தினால் பலமில்லாதது பணியும் என்பதைத்தான் பையன் கற்பான். வீட்டில் அடிபட்ட குழந்தைக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே மனப்பாடம். தான் ‘வேண்டாம்’ என்று சொன்னதை யாரும் மதிக்காத ஒரு குழந்தை, நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் சிகிச்சையாளர், “அதுக்கு இப்போ வேணாமாம், விட்டுருவோம்” என்று சொல்வதைக் கேட்கும் அந்த நிமிடம், எந்தப் பொம்மையாலும் தர முடியாதது. அதனால்தான் நாயின் விலகும் உரிமையை விலங்கு நலப் பட்டியலின் கடைசி வரியாக வைக்காமல், சிகிச்சையின் முதல் விதியாக வைக்கச் சொல்கிறேன்.

நாய் ‘மாட்டேன்’ என்பதைக் குரைத்துச் சொல்வது கடைசியில்தான். அதற்கு முன்பே உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், தலையை ஒருபுறம் திருப்பும், காதைப் பின்னுக்கு மடக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், நனையாமலே உடம்பை உதறும். கட்டிப்பிடித்திருக்கும் குழந்தையின் பிடியில் அசையாமல் நிற்கும் நாயை ‘எவ்வளவு பொறுமை பாருங்க’ என்று படம் எடுத்துப் பகிர்கிறோமே, அவற்றில் பலவற்றில் நாய் உறைந்து நிற்கிறது. கடிக்கு முந்தைய நிலை அது.

திண்டுக்கல்லில் இதைப் பேசும்போது தெருவை மறந்துவிட்டுப் பேச முடியாது. இங்குள்ள குழந்தைகளில் பலருக்கு நாய் என்றால் பயம். அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. 2024இல் தமிழ்நாட்டில் நாய்க்கடிக்கு ஆளானவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். உலக அளவில் ரேபிஸுக்குப் பலியாவோரில் பத்தில் நால்வர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களிலிருந்து தெருநாய்களை அப்புறப்படுத்த 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு பக்கம் பள்ளிக்கு நாய் வரக் கூடாது என்ற உத்தரவு; மறுபக்கம் பள்ளிப் பிள்ளைக்கு நாயை வைத்துச் சிகிச்சை என்ற பேச்சு. பெற்றோர் குழம்புவது இயல்பு.

ஆனால், இரண்டுக்கும் முரண் இல்லை என்றே நினைக்கிறேன். நாயின் உடல்மொழியைப் படிக்கக் கற்ற பிள்ளை தெருவில் நடக்கும்போதும் பாதுகாப்பாக நடக்கும். சாப்பிடும் நாயை, குட்டியோடு படுத்திருக்கும் நாயை நெருங்கக் கூடாது, ஓடக் கூடாது, கண்ணை முறைத்துப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் சொல்லில் நிற்பதைவிட, நம்பகமான ஒரு நாயோடு பழகும்போது உடம்பில் நிற்கும். அதே சமயம், பயந்த குழந்தையை நாயின் முன் நிறுத்தி ‘ஒண்ணும் பண்ணாது, தொடு’ என்று கையைப் பிடித்து இழுப்பது கொடுமை. கதவுக்கு வெளியே நின்று பார்ப்பதுகூட ஓர் அமர்வுதான். நாய் வேண்டாம் என்று, மார்க்க நம்பிக்கையாலோ வேறு காரணத்தாலோ, சொல்லும் குடும்பத்தை வற்புறுத்துவதற்கும் யாருக்கும் உரிமையில்லை. அந்தக் குழந்தைக்கு முயலோ ஆட்டுக்குட்டியோ போதும். எதுவும் இல்லாத விளையாட்டறையும் நல்ல அறைதான்.

எந்த நாய்? இந்தக் கேள்வி வந்தவுடன் நம்மூரில் இனப்பெருமை முன்னால் வந்துவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் 2020இல் தேசிய அளவில் பதிவுபெற்ற இனங்கள். கோம்பை பக்கத்துத் தேனி மாவட்டத்துக்காரன். பெருமைதான். ஆனாலும் சிப்பிப்பாறை வேட்டைக்கு வளர்ந்த இனம், ஓடுவதைத் துரத்தும். கோம்பை காவலுக்கு வளர்ந்தது, அந்நியரை ஐயுறும். கூச்சலும் ஓட்டமுமாக இருக்கும் புதிய குழந்தைகளின் அறை இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் துன்பம். கோல்டன் ரெட்ரீவரை வாங்கிவந்தால், சித்திரை வெயிலில் அடர்ந்த ரோமத்தோடு அது மூச்சிரைப்பதைத்தான் குழந்தைகள் பார்ப்பார்கள். இனத்தைப் பார்க்காமல் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை நாய்க்குட்டி மனிதரோடும் சத்தங்களோடும் பழகும் பருவம் என்பது 1960களிலேயே ஆய்வில் தெளிவானது. அந்தப் பருவத்தில் அன்போடு வளர்ந்த, சாதுவான நாட்டு நாய் இந்த மண்ணின் வெயிலையும் தாங்கும், இந்த வேலையையும் தாங்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, எலிக்காய்ச்சல் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், தோல் பரிசோதனை ஆகியவற்றில் ஒன்று தவறினாலும் அது அறைக்குள் வரக் கூடாது.

இனி குதிரை. திண்டுக்கல் சமவெளியில் குழந்தை முதலில் பார்க்கும் குதிரை பெரும்பாலும் ஐயனார் கோயிலின் மண்குதிரை. உயிருள்ள குதிரை என்றால் பழநி அடிவாரத்தில் பக்தர்களை ஏற்றிப் போகும் ஜட்கா வண்டியில் பூட்டியது. மலைக்குப் போனால் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சவாரி போகும் மட்டக்குதிரைகள். ‘அதுல தினமும் ஒரு ரவுண்டு ஏத்தினா போதாதா?’ என்று கேட்கும் பெற்றோர் உண்டு. போதாது, ஆபத்தும்கூட.

குதிரை நடக்கும்போது அதன் முதுகில் இருப்பவரின் இடுப்பு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சுழன்றும் அசைகிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இப்படித்தான். மூளை முடக்குவாதத்தால் தானாக நடந்தே பார்த்திராத குழந்தைக்கு, நடை என்றால் உடம்பில் எப்படி இருக்கும் என்பதை அந்த முதுகு சில நிமிடங்களில் பல நூறு முறை சொல்லிக்கொடுக்கிறது. இறுகிய தசை தளரவும் உட்காரும் சமநிலை மேம்படவும் இது உதவலாம். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், ஏறவும் இறங்கவும் பிறர் உதவியோடு, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். அந்த வெற்றிக்குப் பிறகுதான் ஐரோப்பாவில் இந்தச் சிகிச்சை பரவலாகக் கவனம் பெற்றது.

ஆனால், இதைச் செய்ய ஒரு குழந்தைக்கு மூன்று பேராவது வேண்டும்: குதிரையை நடத்திச் செல்ல ஒருவர், குழந்தையின் இருபுறமும் இருவர். அவர்களோடு இதில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர். இடுப்பு மூட்டு நழுவியுள்ள குழந்தை, கட்டுக்குள் வராத வலிப்பு உள்ள குழந்தை ஏறக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்ந்திருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் ஏற்றினால் ஒரு குலுங்கல் முதுகுத்தண்டைப் பாதித்துவிடும். ஏரிக்கரைச் சவாரியில் இதையெல்லாம் யார் பார்ப்பது? நாள் முழுதும் தார்ச்சாலையில் லாடம் தேய நடந்து களைத்த குதிரையிடம் பொறுமையை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதற்கு ‘மாட்டேன்’ சொல்ல வாய்ப்பே கொடுக்கப்பட்டதில்லை.

விளையாட்டுச் சிகிச்சையில் குதிரை மீது ஏறவே தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. தரையில் நின்றபடியே எல்லாம் நடக்கும். கயிற்றால் ஒரு வட்டம் போட்டு, ‘இதற்குள் குதிரையை வரவைக்க முடியுமா?’ என்று இரண்டு பிள்ளைகளிடம் கேட்பார்கள். குதிரை இரையாகப் பிறந்த விலங்கு. ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்க்கும் கண்கள், தனித்தனியே திரும்பும் காதுகள் எல்லாம் ஆபத்தை முன்கூட்டி அறியத்தான். பின்னாலிருந்து தள்ளினால் நகராது. பதற்றத்தோடு நெருங்கினால் விலகும். பக்கவாட்டில் நிதானமாக நடந்தால் கூடவே வரும். பள்ளியில் அடாவடி செய்கிறவன் என்று பெயரெடுத்த பையனும், யாரிடமும் பேசாத பெண்ணும் சேர்ந்து இந்தப் புதிரை அவிழ்க்கும்போது, எவ்வளவு பலம் இருந்தாலும் இழுத்துக்கொண்டு போக முடியாத ஒருவரோடு எப்படிப் பழகுவது என்பதைப் பழகிப் பார்க்கிறார்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பெரும்பாலானவை சிறியவை, ஒப்பீட்டுக் குழு இல்லாதவையும் பல. நம்பத்தக்கவற்றில் ஒன்று அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 2015இல் வெளியானது. ஆட்டிசம் உள்ள, 6 முதல் 16 வயது வரையிலான 127 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு பத்து வாரம் குதிரையேறியது. மற்றது அதே லாயத்தில், உண்மைக் குதிரை இல்லாமல், குதிரை அளவு பொம்மையோடு குதிரையைப் பற்றிக் கற்றது. குதிரையேறியவர்களிடம் எரிச்சலும் மிகைத் துடிப்பும் குறைந்தன. பேசும் சொற்கள் கூடின. ஆஸ்திரேலிய வகுப்பறைகளில் மார்கரீட் ஓ’ஹேர் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பொம்மைகளோடு இருந்ததைவிட இரண்டு கினிப் பன்றிகளோடு இருந்தபோது அதிகம் பேசினார்கள், அதிகம் சிரித்தார்கள். செலவு மிகுந்த குதிரை இல்லாவிட்டால் ஒன்றுமே முடியாது என்பதில்லை என்று எனக்கு இந்த இரண்டாவது ஆய்வு சொல்கிறது. ஆட்டிசம் குணமானது என்று இரண்டு ஆய்வுகளுமே சொல்லவில்லை. நாயால், குதிரையால் ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம் என்று எவராவது பலகை வைத்தால், அந்த வாசலை மிதிக்காதீர்கள். நகையை அடகு வைத்து வரும் பெற்றோரைக் குறிவைக்கும் வியாபாரம் அது.

நம் நாட்டில் இந்த முயற்சி தொடங்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மும்பையில் உளவியலாளர் மினல் கவிஷ்வர் தொடங்கிய அனிமல் ஏஞ்சல்ஸ் அமைப்பு, பயிற்சி பெற்ற நாய்களோடு சிறப்புக் குழந்தைகளிடம் பணியாற்றிவருகிறது. ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 1991இல் தொடங்கிய ‘டாக்டர் டாக்’ திட்டம், புளூ கிராஸ் வழியாகச் சென்னைக்கும் வந்தது. இரண்டுமே பெருநகரத்தைச் சுற்றி வளர்ந்தவை. சிகிச்சை விலங்குக்கென்று தனிச் சட்டமோ பதிவு முறையோ இங்கு இல்லாததால், யார் வேண்டுமானாலும் எந்த நாயையும் சிகிச்சை நாய் என்று அழைத்துக்கொள்ளலாம் என்ற நிலை. விலங்கு–மனித உறவு அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, இப்பணிக்கு வளர்ப்பு விலங்குகளையே ஈடுபடுத்த வேண்டும், அவற்றின் நலனும் காக்கப்பட வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அரசு அதையே அடிப்படையாக வைத்து ஒரு வழிகாட்டு நெறிமுறையை வெளியிடலாம்.

தொடங்குவதற்கு ஏற்ற இடம் திண்டுக்கல் என்பது என் உறுதியான எண்ணம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இங்கு இருக்கிறது. ஒருபுறம் தேனியிலும் மறுபுறம் உடுமலைப்பேட்டையிலும் 2020இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிகள். சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம்; ஊரோடு சேர்ந்து உழைப்பதற்கென்றே பிறந்த நிறுவனம் அது. ஒன்றியந்தோறும் வட்டார வள மையமும், அங்கே வாரந்தோறும் பிள்ளைகளைச் சந்திக்கும் சிறப்பாசிரியர்களும் இருக்கிறார்கள். குழந்தையை மருத்துவக் கல்லூரி மதிப்பிடட்டும். நாயைக் கால்நடைக் கல்லூரி தேர்ந்து, பரிசோதித்துச் சான்று தரட்டும். பலன் உண்டா இல்லையா என்பதைக் காந்திகிராமம் நேர்மையாக அளந்து வெளியிடட்டும். பலனில்லை என்று தெரிந்தாலும் வெளியிடட்டும்.

மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் முதலில் இரண்டு போதும். சாணார்பட்டி, வேடசந்தூர் என்று நகருக்கு வெளியே இருப்பவையாக இருக்கட்டும். ஒன்றியத்துக்கு ஒரு நாய், அதன் கூடவே வாழும் கையாள்பவர் ஒருவர். அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும்; தன்னார்வலர் தலையில் கட்டினால் ஆறு மாதத்தில் நின்றுவிடும். அறையில் நாய் எப்போது வேண்டுமானாலும் போய்ப் படுத்துக்கொள்ள ஒரு மூலையும், அந்த மூலைக்குள் எவரும் போகக் கூடாது என்ற விதியும் வேண்டும். அமர்வுகள் குறுகியவையாக இருக்கட்டும். நாய்க்கு வாரத்தில் முழு ஓய்வு நாட்களும் வேண்டும். அமர்வுப் பதிவேட்டில் குழந்தைக்கு ஒரு பக்கம் என்றால் நாய்க்கும் ஒரு பக்கம்: எப்போது விலகியது, எதனால் விலகியது, அப்போது குழந்தை என்ன செய்தது.

குதிரை இரண்டாம் ஆண்டில் வரட்டும். கிளாண்டர்ஸ் என்ற தொற்று குதிரையிடமிருந்து மனிதருக்கும் வரக்கூடியது; அதற்கான ரத்தப் பரிசோதனை முடியாமல் எந்தக் குதிரையும் குழந்தையின் அருகே வரக் கூடாது. லாயத்துக்கு வரும் பிள்ளைகள் ரண ஜன்னித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். நிழலும் மணல் தரையும் தண்ணீரும் உள்ள ஓர் ஏக்கர் போதும். சோளத்தட்டைக்கும் கொள்ளுக்கும் இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. 2012க்கும் 2019க்கும் இடையில் நாட்டில் குதிரைகளின் எண்ணிக்கை 45 விழுக்காட்டுக்கு மேல் சரிந்து, மூன்றரை லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. குதிரையைப் பழக்கத் தெரிந்தவர்களும் லாடம் அடிக்கத் தெரிந்தவர்களும் கூடவே குறைகிறார்கள். பழநி வண்டிக்காரர்களில், அடிக்காமல் குதிரையை நடத்தத் தெரிந்தவர்களைத் தேடி எடுத்து, அவர்களைப் பயிற்சிக்கு அனுப்பி, அந்த லாயத்தில் அரசு வேலை கொடுக்கலாம்.